குழந்தை கேட்கும் கேள்வியும் வீடு தரும் விடையும்

(பெற்றோரும் இளையோரும் கூடிய அவையில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



புலம்பெயர்ந்த நாடுகளில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு வழக்கமாகச் சில இடங்களையே சுற்றி வரும். தமிழ் கற்பித்தல், படிப்பில் முன்னிற்கச் செய்தல், தீய சேர்க்கையிலிருந்து காத்தல் என்பவற்றோடு அது நின்றுவிடும். இன்றைய உரை அவற்றுள் அடங்காத ஒன்றைப் பற்றியது. அடுத்த வீட்டிலோ, மேல்மாடியிலோ, கோயில் வரிசையிலோ, உறவினர் வீட்டு விருந்திலோ ஒரு சிறு பிள்ளை, உடற்குறையோ அறிவு வளர்ச்சிக் குறையோ உடைய ஒருவரைக் காண்கிறது. அக்கணத்தில் அப்பிள்ளை என்ன செய்கிறது, அதன் கையைப் பிடித்து நிற்கும் தாயோ தந்தையோ என்ன செய்கின்றார் என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் பொருள்.

இது அரிதாக நிகழும் ஒன்றன்று. உலக மக்களில் ஆறில் ஒருவர், அதாவது ஏறத்தாழ 130 கோடிப் பேர், குறிப்பிடத்தக்க குறைபாடு ஒன்றோடு வாழ்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. கனடாவில் 2022இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி 15 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமானோரில் 27 விழுக்காட்டினருக்கு ஏதேனுமொரு குறைபாடு உண்டு. ஆகவே இருபது வீடுகள் உள்ள ஒரு மாடியில் அத்தகைய அயலவர் எவரும் இல்லாதிருத்தல் அரிது. இல்லை என்று தோன்றுமாயின், அவர் வெளியே வருவதில்லை என்றோ, பார்வைக்குத் தெரியாத குறைபாடு உடையவர் என்றோ கொள்வதே பொருந்தும்.

ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோப் பகுதியில் தமிழர் செறிந்து வாழும் உயர்மாடிக் கட்டடங்களில் எவரும் கண்டிருக்கக்கூடிய காட்சி ஒன்று உண்டு. மின்தூக்கியின் கதவு திறக்கிறது. உள்ளே சக்கர நாற்காலியில் ஒருவர் இருக்கிறார். நான்கு வயதுப் பிள்ளை உரத்த குரலில், "அம்மா, இந்த மாமாக்கு ஏன் கால் இல்லை?" என்று கேட்கிறது. தாயின் பிடி இறுகுகிறது. "உஸ்... அங்கை பார்க்காதை" என்று தாழ்ந்த குரலில் ஓர் அதட்டல். பின்னர் பத்து மாடிகளும் அமைதியாகக் கடக்கின்றன. வெளியே வந்து நாலடி நடந்த பின், "பாவம், அந்த மனுசன்" என்று ஒரு பெருமூச்சு.

அந்தத் தாய் தீயவர் அல்லர். அம்மனிதரின் மனம் நோகக் கூடாதென்றே அவர் பிள்ளையை அடக்கினார். ஆயினும் பிள்ளை என்ன கற்றுக்கொண்டது என்பதே கேள்வி. தான் கண்டது பேசக்கூடாத ஒன்று என்பதை அது கற்றது. அம்மாவின் கை இறுகியதால் அது அஞ்சத்தக்கது என்பதையும் கற்றது. பெருமூச்சைக் கேட்டு, அவர் தங்களைவிடத் தாழ்ந்த நிலையில் உள்ளவர் என்பதையும் கற்றது. நாற்காலியில் இருந்தவரோ அந்த "உஸ்" என்ற ஒலியைத் தம் வாழ்நாளில் எண்ணற்ற முறை கேட்டவர். மொழி விளங்காவிடினும் அவ்வொலி எல்லோருக்கும் விளங்கும். பிள்ளையின் கேள்வி அவரை நோகச் செய்திருக்கும் என்பது ஐயத்திற்குரியது. அதட்டல் நோகச் செய்திருக்கும் என்பதில் ஐயமே இல்லை.

சிறு பிள்ளை வேற்றுமையைக் காணும், கண்டதைக் கேட்கும். மாமாவுக்கு ஏன் தாடி, அந்த வண்டிக்கு ஏன் பெரிய சில்லு என்று கேட்கும் அதே வாயால்தான் காலைப் பற்றியும் கேட்கிறது. அக்கேள்வியில் இழிவும் இல்லை, இரக்கமும் இல்லை. இவ்விரண்டும் பின்னர் பெரியவர்களால் ஊட்டப்படுபவை.

தமிழ் வீடுகளில் அவை எவ்வாறு ஊட்டப்படுகின்றன என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். "பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்லி வளர்க்கப்படாத தமிழ்ப் பிள்ளை உண்டோ? அது விளையாட்டாகச் சொல்லப்படுவது என்பர். ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்கு அது செய்தி. சில நாள் கழித்து அப்பிள்ளை வெள்ளைப் பிரம்போடு நடக்கும் ஒருவரைத் தெருவில் காண்கிறது. அவருடைய கண்ணைச் சாமி குத்திவிட்டது, அவர் ஏதோ பொய் சொல்லியிருக்கிறார் என்று அது எண்ணுமாயின் தவறு பிள்ளையுடையதா? முற்பிறப்பில் செய்த வினை என்றும், கிரகண வேளையில் கருவுற்ற தாய் வெளியே சென்றதன் விளைவு என்றும் பெரியவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதும் இதன் வளர்ந்த வடிவமேயாகும். கிரகணத்திற்கும் பிளந்த உதட்டிற்கும் தொடர்பில்லை என்பதை அறிந்த படித்த பெற்றோரும், பேறுகாலம் வந்தால் "எதற்கும் வெளியே போகாமல் இருப்பதே நல்லது" என்று சொல்வதை மறுப்பதற்கில்லை.

அடுத்து, சொற்கள். புலம்பெயர்ந்த நாட்டில் பிறந்த தமிழ்ப் பிள்ளை இரண்டு மொழிகளில் வளர்கிறது. பகலில் பாலர் பள்ளியில் சக்கர நாற்காலியில் வரும் தோழியோடு மணல் விளையாடுகிறது. கேட்கும் கருவி அணிந்த தோழனோடு வண்ணம் தீட்டுகிறது. அங்கே ஆசிரியை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ நோர்வேஜிய மொழியிலோ அத்தோழர்களைக் குறிக்க மரியாதையான சொற்களைக் கொடுக்கிறார். மாலையில் வீடு திரும்பினால் தமிழில் கிடைப்பவை எவை? தண்ணீர்க் கோப்பையைத் தட்டிவிட்டால் "உனக்கென்ன கண் குருடோ?" கூப்பிட்ட குரலுக்கு வராவிட்டால் "காது செவிடோ?" வீட்டுப்பாடம் செய்யாததற்குக் காரணம் சொன்னால் "நொண்டிச் சாட்டு". எத்தனை முறை சொன்னாலும் கேளாதவனுக்குச் செவிடன் காதில் ஊதிய சங்கு. குறைபாடு பற்றிய தமிழ்ச் சொற்கள் யாவும் அப்பிள்ளையின் காதில் வசவாகவே வந்து விழுகின்றன. மரியாதை பள்ளி மொழியில் இருக்கிறது, இகழ்ச்சி வீட்டு மொழியில் இருக்கிறது என்ற முடிவுக்கு அது தானாகவே வருகிறது. தமிழ் வாழ வேண்டும் என்று பாடுபடும் பெற்றோர் அஞ்ச வேண்டியது இம்முடிவையே. பதினாறு வயதில் தமிழை விட்டு விலகும் பிள்ளைக்குப் பல காரணங்கள் இருக்கலாம். பள்ளித் தோழியை வீட்டிற்கு அழைத்து வந்தால் அம்மம்மா தமிழில் என்ன சொல்லிவிடுவாரோ என்ற கூச்சமும் அவற்றுள் ஒன்று.

சொற்களை மாற்றும் முயற்சி நடைபெறாமல் இல்லை. இலங்கையின் அரசு ஆவணங்கள் அங்கவீனர் என்றன. தமிழ்நாட்டில் ஊனமுற்றோர் என்பது நெடுங்காலம் வழங்கியது. 2010இல் அங்கு அரசு வழக்கில் மாற்றுத்திறனாளி என்ற சொல் இடம்பிடித்தது. விழிப்புலனற்றோர், செவிப்புலனற்றோர் என்பவை ஈழத்தில் நன்கு வேரூன்றியவை. இவற்றுள் எது சிறந்தது என்று அறிஞர்கள் வாதிடட்டும். நான்கு வயதுப் பிள்ளைக்கு இவற்றுள் எதுவும் தேவையில்லை. அதற்குத் தேவையானது தமிழ் ஏற்கெனவே வைத்திருக்கும் ஒன்று: மாமா, மாமி, அக்கா, அண்ணா, தாத்தா என்ற முறைச் சொற்கள். முன்பின் அறியாத அயலவரையும் உறவாக்கிக்கொள்ளும் இவ்வழக்கம் தமிழரின் பெருஞ்செல்வம் என்று மேடைதோறும் பேசப்படுகிறது. ஆனால் கவனித்துப் பாருங்கள். அயலில் உள்ள எல்லோரும் மாமாவும் மாமியுமாக இருக்க, ஒருவர் மட்டும் "அந்தக் கால் ஏலாத ஆள்" ஆகிவிடுகிறார். அறிவு வளர்ச்சி குன்றிய முப்பது வயதுடைய ஒருவரைப் பற்றிப் பேசும்போது, "அது சாப்பிட்டிட்டுதோ?" என்று கேட்பவர் எத்தனை பேர்! உயர்திணை, அஃறிணை என்று இலக்கணம் வகுத்த மொழியில், ஒரு மனிதரை அஃறிணைக்குத் தள்ளுவதைப் பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவ்வாறே, விருந்துக்கு வந்த பார்வையற்றவரிடம் கேட்காமல் அவருடைய மனைவியிடம், "இவருக்குத் தேத்தண்ணி வேணுமோ?" என்று கேட்பதும். அவருக்குக் கண்தான் தெரியாது. தேநீர் வேண்டுமா என்பது அவருக்கே நன்கு தெரியும்.

பெற்றோர் இவ்வாறு தடுமாறுவதற்கு நியாயமான ஒரு காரணமும் உண்டு. அவர்கள் படித்த வகுப்பறைகளில் அத்தகைய பிள்ளைகள் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் கைதடி நவீல்ட் பாடசாலையில் செவிப்புலனற்ற, விழிப்புலனற்ற பிள்ளைகள் பல தலைமுறைகளாகக் கற்று வந்துள்ளனர். கண்டி வீதியில் பேருந்தில் கைதடியைக் கடந்து சென்ற தமிழர் பல்லாயிரவர்; அப்பாடசாலைக்குள் ஒருமுறையேனும் சென்றவர் மிகச் சிலரே. தமிழகத்திலும் பாளையங்கோட்டை போன்ற இடங்களில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தனிப் பள்ளிகள் தோன்றின. அப்பள்ளிகள் செய்த தொண்டு பெரிது. எனினும் மதிலுக்கு உள்ளே ஒரு கூட்டமும் வெளியே ஒரு கூட்டமுமாக வளர்ந்ததன் விளைவு, வெளியே வளர்ந்தவர்களுக்குப் பழக்கமே ஏற்படவில்லை. இன்று இந்நாடுகளில் அவர்களுடைய பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கின்றனர். பெற்றோருக்குப் புதியது பிள்ளைகளுக்கு இயல்பானது.

2006 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கை, தன் எட்டாம் உறுப்பில், இளவயது முதலே எல்லாப் பிள்ளைகளிடமும் இம்மதிப்பை வளர்க்க வேண்டும் என்று அரசுகளைக் கடமைப்படுத்துகிறது. இந்தியா 2007இலும், பிரித்தானியா 2009இலும், கனடா 2010இலும், நோர்வே 2013இலும், இலங்கை 2016இலும் அதனை ஏற்று உறுதி செய்தன. அரசு பள்ளிக்கூடத்தின் வாயில்வரை வரும். மின்தூக்கிக்குள் வராது.

அப்படியாயின் அந்த மின்தூக்கிக்குள் என்ன சொல்வது? விடை சிறியதாகவும் உண்மையாகவும் இருந்தால் போதும். "சில ஆக்களுக்குக் கால் ஏலாது. அதாலை இந்தக் கதிரையிலை போய் வருவினம். மாமாக்கு வணக்கம் சொல்லுங்கோ." இதனைத் தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டியதில்லை. தாயே முதலில் அவரை நோக்கி முகமன் கூறிவிட்டால் பிள்ளையின் கை தானாக உயரும். அயலவர் தமிழர் அல்லராயின் அவர் மொழியில் ஒரு காலை வணக்கம். "எனக்கும் அப்பிடி வருமோ?" என்பது பிள்ளையின் அடுத்த கேள்வியாக இருக்கக்கூடும். பல பிள்ளைகளின் அச்சம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. "இது தடிமன் மாதிரித் தொத்துற வருத்தமில்லை" என்ற ஒரு வாக்கியம் அதனைப் போக்கும். "நோகுமோ?" என்று கேட்டால், "அது அவருக்குத்தான் தெரியும்" என்பதே நேர்மையான விடை. ஏன் கால் போனது என்ற கதையை அறியும் உரிமை பிள்ளைக்கு இல்லை என்பதையும் இவ்விடத்திலேயே சொல்லிவைக்கலாம். அவர் விரும்பினால் சொல்வார். வழியில் காண்போர்க்கெல்லாம் தம் உடலின் வரலாற்றை ஒப்புவிக்க எவரும் கடமைப்பட்டவர் அல்லர்.

பழகும் முறையிலும் சில நுட்பங்கள் உண்டு. பெரியவர்களும் அறியாதவை என்பதால் அவற்றைப் பிள்ளையோடு சேர்ந்தே கற்கலாம். சக்கர நாற்காலி அதில் இருப்பவரின் உடலைப் போன்றது. கேளாமல் அதனைப் பிடித்துத் தள்ளுவதும் அதன்மேல் சாய்வதும், முன்பின் அறியாத ஒருவரின் தோளில் சாய்வதற்கு ஒப்பாகும். பார்வையற்றவரின் கையைப் பற்றி வீதிக்குக் குறுக்கே இழுத்துச் செல்வது உதவியன்று. உதவி வேண்டுமா என்று கேட்டு, வேண்டுமென்றால் தன் முழங்கையை அவர் பற்றிக்கொள்ள நீட்டுவதே முறை. வெள்ளைப் பிரம்பின் கதையைப் பிள்ளைகள் விரும்பிக் கேட்பர்: இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பார்வையிழந்த ஜேம்ஸ் பிக்ஸ் என்ற புகைப்படக் கலைஞர், வாகனங்கள் தம்மைக் கவனிக்க வேண்டுமென்று 1921இல் தம் ஊன்றுகோலுக்கு வெள்ளை வண்ணம் பூசினார். பிரித்தானியாவில் அப்பிரம்பில் சிவப்புப் பட்டைகளும் இருந்தால், அவருக்குச் செவிப்புலனிலும் குறைபாடு உண்டு என்று பொருள். வழிகாட்டி நாயைக் கண்டு தமிழ்ப் பிள்ளைகள் ஒன்று அலறுவர், அல்லது தடவ ஓடுவர். சேணப்பட்டை அணிந்திருக்கும் வேளையில் அந்நாய் பணியில் இருக்கிறது, பேருந்து ஓட்டுநரைப் போல என்று சொன்னால் மூன்று வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். திக்கிப் பேசுபவரின் சொல்லை முடித்துக் கொடுக்க வேண்டியதில்லை, காத்திருந்தால் போதும்.

சைகை மொழி பற்றித் தமிழர் வீட்டில் தனியே ஒருநாள் பேசலாம். மொழியுரிமையின் அருமை அறிந்த இனம் அன்றோ! சைகை என்பது உலகெங்கும் ஒன்றே என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. பிரித்தானியரும் அமெரிக்கரும் ஆங்கிலமே பேசினாலும், பிரித்தானியச் சைகை மொழியும் அமெரிக்கச் சைகை மொழியும் ஒன்றுக்கொன்று விளங்காத வெவ்வேறு மொழிகள். அமெரிக்கச் சைகை மொழியின் உறவு பிரெஞ்சுச் சைகை மொழியோடுதான். கனடா 2019இல் இயற்றிய சட்டமொன்றில் அமெரிக்கச் சைகை மொழியையும் கியூபெக் சைகை மொழியையும் முதற்குடிகளின் சைகை மொழிகளையும் செவிப்புலனற்றோரின் முதன்மை மொழிகளாக ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்சு ஆகியவற்றில் பிரித்தானியச் சைகை மொழிக்குச் சட்ட ஏற்பு அளித்த சட்டம் 2022இல் வந்தது. ஸ்கொட்லாந்து 2015இலேயே தனக்கெனச் சட்டம் இயற்றியிருந்தது. எழுத்தும் ஒலியும் அற்ற ஒரு மொழி தன் இருப்புக்காகப் போராடி வென்ற கதையைத் தமிழ்ப் பள்ளி மாணவர் அறிவது பொருத்தமேயாம்.

கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகள் இன்னும் கடினமானவை. ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உள்ள பிள்ளை, மேளச் சத்தம் தாங்காது கோயிலில் காதைப் பொத்திக்கொண்டு அலறும்போது, "பிள்ளையை அடக்கத் தெரியாத தாய்" என்ற பார்வை நாற்புறமும் இருந்து வரும். 2016இல் இலண்டன் கற்விக் விமான நிலையத்தில் சூரியகாந்திப் பூப்பொறித்த பச்சைக் கழுத்துப்பட்டி ஒன்று அறிமுகமாயிற்று. அணிந்திருப்பவருக்கு வெளியே தெரியாத குறைபாடு உண்டு, சற்றுக் கூடுதல் நேரமும் பொறுமையும் வேண்டும் என்பது அதன் பொருள். பின்னர் அது பல நாடுகளுக்கும் பரவியது. விமான நிலையம் ஒன்று காட்டும் பொறுமையைக் கோயில் மண்டபமும் காட்டலாம்.

இனி, தமிழருக்கே உரிய ஒரு பொருளுக்கு வருதல் வேண்டும். ஈழத் தமிழர் வீடுகள் பலவற்றில் குறைபாடுடையவர் அயலவர் அல்லர். சொந்தப் பெரியப்பா, சித்தி, அத்தான். மிதிவெடியில் காலிழந்தோர், எறிகணையில் கண்ணிழந்தோர், 2009ஆம் ஆண்டின் இறுதிப் போரில் கையிழந்தோர் இன்று ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். ஊரில் உள்ளோர் பலர் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனத்தில் செயற்கைக் கால் பெற்று நடமாடுகின்றனர். விடுமுறைக்கு ஊர் செல்லும் பிள்ளை, இரவில் பெரியப்பா காலைக் கழற்றிச் சுவரோரம் வைப்பதைப் பார்த்துத் திகைக்கிறது. வீட்டில் எவரும் வாய் திறப்பதில்லை. போரைப் பற்றிப் பேசினால் பிள்ளை பயந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். பிள்ளையோ பேசாததனாலேயே பயப்படுகிறது. "சண்டை நடந்த காலத்திலை நிலத்துக்குள்ளை வெடி புதைச்சு வைச்சிருந்தாங்கள். அதிலை பெரியப்பாவின்ரை கால் போட்டுது. நீங்கள் இருக்கிற இடத்திலை அப்பிடி ஒண்டும் இல்லை." ஆறு வயதுக்கு இவ்வளவு போதும். மிகுதியைப் பன்னிரண்டு வயதில் கேட்கட்டும். பெரியப்பாவே அக்காலைக் காட்டி, இந்தப் பட்டியை இப்படி இறுக்க வேண்டும் என்று விளக்குவாராயின், பிள்ளை அரைமணி நேரத்தில் அச்சம் தெளிந்து, அதனை எங்கே செய்தார்கள் என்று கேட்கத் தொடங்கிவிடும். அவரை மேடையில் வீரராக ஏற்றிவிட்டு வீட்டுப் பந்தியில் ஒதுக்குவதும், பரிதாபத்திற்குரியவராக்கி அழுவதும் ஒரே தவறின் இரு முகங்கள். அவருக்கு வேண்டியது, சீட்டாட்டத்தில் தம்மை வெல்ல முயலும் ஒரு மருமகப்பிள்ளை.

வெளியே பேசப்படாத இன்னொன்றும் உண்டு. ஒளித்து வைக்கப்படும் பிள்ளைகள். அக்காவுக்குத் திருமணப் பேச்சு நடக்கிறது. தம்பிக்கு மூளை முடக்குவாதம். மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் தம்பி வேறொரு வீட்டில் கொண்டுபோய் விடப்படுகிறான். "குடும்பத்தில் யாருக்கும் குறை கிறை இல்லைத்தானே?" என்ற கேள்வி சாதகப் பொருத்தத்தோடு சேர்ந்தே வருகிறது என்பதனால் பெற்றோரை மட்டும் குறை கூறுவதற்கில்லை, கேட்பவர்களும் இந்த அவையைப் போன்ற அவைகளிலேயே இருக்கின்றனர். 1990இல் வெளிவந்த மணிரத்தினத்தின் 'அஞ்சலி' திரைப்படத்தைப் பலர் பார்த்திருப்பர். குழந்தை இறந்தே பிறந்தது என்று தந்தை தாயிடமே மறைத்துவிடுகிறார். உண்மை வெளிப்பட்டு அஞ்சலி வீட்டிற்கு வரும்போது அடுக்குமாடிக் குடியிருப்பின் பிள்ளைகள் முதலில் எள்ளி, பின்னர் நண்பர்களாகின்றனர். அப்பகுதி உண்மையானது, பிள்ளைகள் அவ்வாறே மாறுவர். ஆனால் இறுதியில் அக்குழந்தை இறந்துவிடுகிறது. அரங்கம் முழுதும் அழுது கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்புகிறது. அஞ்சலி உயிரோடிருந்து இருபது வயதாகிப் பக்கத்து வீட்டுத் திருமணத்திற்கு வந்தால் அழைத்து அமர வைப்பார்களா என்ற கேள்வியை எந்தத் திரைப்படமும் எளிதில் தொடுவதில்லை.

பழகினால் அச்சம் நீங்கும் என்பது பொதுவாக உண்மை; எவ்வகைப் பழக்கம் என்பதில்தான் நுட்பம் உள்ளது. அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் வெளியிட்ட தமது நூலில், முற்சாய்வு குறைய வேண்டுமாயின் இரு தரப்பினரும் சமநிலையில் நின்று, பொதுவான ஓர் இலக்கிற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், அதற்கு மேலிருப்போரின் ஆதரவும் வேண்டும் என்று காட்டினார். இவ்வளவுகோலை வைத்துப் பார்த்தால், புலம்பெயர்ந்தோரிடையே பரவியுள்ள ஒரு நல்வழக்கம் சற்று உறுத்துகிறது. பிள்ளையின் பிறந்தநாளன்று ஊரில் உள்ள இல்லமொன்றில் ஒருநேர உணவு கொடுத்து, அங்குள்ள பிள்ளைகள் வரிசையாக நின்று வாழ்த்தும் படத்தைப் பெற்றுக் காட்டுவது. உணவு கொடுப்பது நன்று, நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அப்படத்தைப் பார்த்து வளரும் பிள்ளை, குறைபாடுடையோர் என்போர் வரிசையில் நின்று வாங்குவோர், தான் கொடுப்பவன் என்று கற்கிறது. அதே பிறந்தநாளுக்கு, எதிர்வீட்டில் நடைவண்டி பிடித்து நடக்கும் பிள்ளையை அழைத்து, கேக் வெட்டும்போது அருகில் நிறுத்துவது செலவில்லாதது. பலூன் ஊதும் வேலையில் பாதியை அப்பிள்ளையிடம் கொடுத்தால் ஆல்போர்ட் சொன்னது நிறைவேறிவிடும்.

கதை சொல்லும் வீடுகளுக்குத் தமிழில் கதைக்குக் குறைவில்லை. இரட்டைப் புலவர்களில் ஒருவருக்குப் பார்வையில்லை, மற்றவரால் நடக்க இயலாது. பார்வையற்றவர் தோளில் மற்றவர் அமர்ந்து வழிசொல்ல ஊர்ஊராகச் சென்றனர், வெண்பாவின் முன்பாதியை ஒருவரும் பின்பாதியை மற்றவரும் பாடினர் என்பது மரபுவழிச் செய்தி. அந்தகக் கவி வீரராகவ முதலியார் கடல் கடந்து ஈழம் வந்து பரராசசேகரனைப் பாடிப் பரிசு பெற்றார் என்பர்; குழந்தையின் பருவங்களைப் பாடும் பிள்ளைத்தமிழையும் அவர் சேயூர் முருகன்மேல் இயற்றினார். பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலர் மூன்றாம் வயதில் அம்மை நோயால் பார்வை இழந்தவர். இக்காலத்துக் கதை வேண்டுமாயின் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு உண்டு. ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து மோதி வலக்கால் நசுங்கியவர். உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் பொன்னும், 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில் வெள்ளியும், 2024 பாரிசில் வெண்கலமும் வென்றார். அப்போட்டிகளுக்கு வித்திட்டவரும் ஓர் ஏதிலியே. நாசிகளிடமிருந்து தப்பி 1939இல் இங்கிலாந்து வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1948இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தம் நோயாளிகளைக் கொண்டு வில்வித்தைப் போட்டி நடத்தினார். பதினாறு பேரே அதில் பங்கேற்றனர்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இக்கதைகளையே ஓயாமல் சொன்னால், பதக்கம் வென்றவர்தான் மதிக்கத்தக்கவர் என்ற எண்ணம் வந்துவிடும். ஏழாம் மாடியில் உள்ளவர் கவிஞரும் அல்லர், வீரரும் அல்லர். வரி அலுவலகத்தில் வேலை செய்பவர், வாரக் கடைசியில் தொலைக்காட்சியில் ஹொக்கி பார்ப்பவர், சற்றுச் சிடுசிடுப்பானவராகவும் இருக்கலாம். அவருக்கும் அதே வணக்கம்தான்.

இளையோர்க்கு ஒரு வேண்டுகோள். உங்களிற் பலர் இத்தகைய தோழர்களோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள்; உங்களுக்கு இது செய்தியே அன்று. வீட்டில் அம்மம்மா ஒரு சொல்லைச் சொல்லும்போது முகஞ்சுளித்து அறைக்குள் போய்விடுவதை விட, "அம்மம்மா, அவரை மாமா எண்டு சொல்லுங்கோ" என்று தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். அம்மம்மா அச்சொல்லைத் தீங்கு கருதிச் சொல்லவில்லை. அவருக்கு அறிமுகமான சொல் அது ஒன்றே. கடைசித் தம்பி தங்கையர் உங்களைப் பார்த்தே பேசக் கற்கின்றனர் என்பதையும் மனத்திற் கொள்ளுங்கள்.

ஊர்ச் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் தம் ஆண்டு விழாவிற்கு மண்டபம் பதியும்போது, வாடகை எவ்வளவு, வாகனத் தரிப்பிடம் உண்டா என்று கேட்கின்றன. மேடைக்கு ஏறச் சாய்தளம் உண்டா என்பதையும் அதே தொலைபேசி அழைப்பில் கேட்கலாம். பேச்சுப் போட்டியில் சக்கர நாற்காலியில் உள்ள பிள்ளை மேடைக்குக் கீழே நின்று பேசுவதும், நான்கு பேர் நாற்காலியோடு தூக்கி ஏற்றுவதும், முன்வரிசையில் அமர்ந்து பார்க்கும் ஐந்து வயதுப் பிள்ளைகளின் கண்முன்னேதான் நடைபெறுகின்றன. சேர்க்கைப் படிவத்தில், "பிள்ளைக்கு வகுப்பில் ஏதேனும் வசதி தேவையா?" என்று ஒரு வரி இருந்தால், இதுவரை தம் பிள்ளையைத் தமிழ் வகுப்பிற்கு அழைத்து வரத் தயங்கிய ஒரு தாய் பேனாவை எடுப்பார். புதிய கல்வியாண்டிற்கான படிவங்கள் அச்சாகுமுன் அவ்வரியைச் சேர்த்துவிடலாம்.